மூளிக்காதன்

வா தாயி, உள்ள வா. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். அவுக ரெண்டு பேரும் இப்போதைக்கு வரமாட்டாக. நாப்பது ஏக்கரையும் நடத்திக் காட்டாம உன் வீட்டுக்காரர விடமாட்டாக இவுக. நீயும் கூடப் போறேன்னு கெளம்பின பாரு, இந்த மெலிசு செருப்போட. நல்லவேள கையப் பிடிச்சு இழுத்தேன். இல்லன்னா இந்நேரம் சேத்துக்குள்ள நிறுத்தி, இந்த மான் காலடி பொட்டையா கெடாயா சொல்லுன்னு உனக்குப் பரீச்ச வச்சிருப்பாக.

டீ போடுறேன். சீனி போடலாம்ல? போடலாம். இந்த வயசுல போடாம எப்பப் போடுறது.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கு இந்த எடம் வித்தாகணும். வீடு நல்ல வீடு. கூரை புதுசா மாத்தினது. கெணத்துத் தண்ணியில லேசா இரும்பு வாட அடிக்கும், பழகிரும். எங்க மக வினோதினி டல்லாஸ்ல இருக்கா. அவ தெருவுலயே நாலு வீடு தள்ளி எங்களுக்குன்னு ஒரு வீடு பாத்து வச்சிருக்கா. அங்க நடக்கிற தூரத்துல நம்ம கடை, நம்ம கோயிலு, பேச்சுத் தொணைக்கு ஆளு. பேத்தி ஒருத்தி இருக்கா. போன்ல மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டு, "ஆச்சி, எப்ப வருவ"ங்கா. என்ன சொல்ல? மான் வளந்ததும் வாரேன் தாயின்னு சொன்னேன். ஆச்சி கத சொல்றான்னு சிரிக்கா பிள்ள. கத எங்க? அதான் நெசம். ஒரு மானு வளரணும்னுதான் இத்தன வருசம் இங்கன காத்துக் கெடந்தேன்.

அலுத்துப்போச்சு போ. உக்காரு, சொல்றேன்.

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். இவுக ஊர்ல ஒரு ஓணான அடிச்சவுக இல்ல. வீட்ல கோழி அறுக்கணும்னாக்கூட என் கொழுந்தனத்தான் கூப்பிடணும், இவுக எந்திச்சு வெளிய போயிருவாக. இங்க வந்து டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனியில வேல பாத்தாக. அங்க கூட வேல பாத்தவன்தான் டேல். அந்தா தெக்க செவப்புக் கூரை தெரியுதே, அது அவன் வீடு. ரிட்டயர் ஆனதும் அவந்தான், "ராஜ், எங்க பக்கத்து நெலம் விலைக்கு வருது, வந்துரு"ன்னு ஆசையக் காட்டுனவன். இவுக பேரு சீனிராஜு. பாரு, உன்கூட வாயாடி புருசன் பேரச் சொல்லிட்டேன்.

நெலம்னதும் எனக்கும் சந்தோசந்தான். பொய் சொல்லக்கூடாது. கத்திரி போடலாம், அவரை போடலாம், ரெண்டு கோழி வளக்கலாம்னு நெனச்சு வந்தேன். வந்து பாத்தா இவுகளுக்கு வேட்டக் கிறுக்கு, வெள்ளாம பூராம் மானுக்கு. மூணு ஏக்கர்ல குளோவர்னு ஒரு தழ. அதுக்கடுத்து ஓட்ஸு. அதுக்கடுத்து முள்ளங்கி. நம்ம வெள்ள முள்ளங்கியேதான், முழங்கைத் தண்டிக்கு. பனி விழுந்தப்புறம் மான் காலால தோண்டித் திங்குமாம். ஏக்கர் கணக்குல கெடக்கேன்னு ஒரு நாள் சாம்பாருக்கு ரெண்டு பிடுங்கிட்டு வந்தேன். அன்னைக்கு வாங்கின ஏச்ச இன்னும் மறக்கல. முள்ளங்கி போனதுக்கு இல்ல. என் வாசம் அங்கன பட்டுருச்சாம். இன்னும் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தல காட்டாதுன்னு குதிச்சாக. கட்டின பொண்டாட்டி வாசம், பாத்துக்கோ. அப்புறம் டவுனுக்குப் போயி கடையில வாங்கித்தான் சாம்பார் வச்சேன். சொந்த நெலத்துல ஏக்கர் முள்ளங்கி, சட்டிக்குள்ள கட முள்ளங்கி.

மரம் வெட்டுறதும் ஒரு தினுசா வெட்டுவாக. முழுசா வெட்ட மாட்டாக. இடுப்பு ஒசரத்துல பாதி அறுத்து அப்படியே சாச்சு விட்டுர்றது. மரம் சாகாது. படுத்துக்கிட்டே தழையும். அதுக்கு அடியில மான் படுக்கும், கைக்கெட்டுன கொழுந்தக் கடிக்கும். மேற்கோரம் பத்து ஏக்கர அப்படித்தான் ஆக்கி வச்சிருக்காக. அதுக்குள்ள மனுசன் காலே வைக்கக்கூடாது, வருசம் பூராம். எங்க ஊரு அய்யனார் கோயில் காட்டுல சுள்ளி பொறுக்க மாட்டோம், அந்த மாதிரி. அய்யனாரு கோவத்துக்குப் பயப்படலாம், ஒரு நாயம் இருக்கு. இங்க இவுக கோவத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கு.

துப்பாக்கியால அடிச்சுட்டுப் போகலாம்ல? மாட்டாக. வில்லுதான். கப்பி வச்ச வில்லு. அதுக்கு மான் ரொம்பக் கிட்ட வரணும். இந்தா இந்த வாசலுக்கும் உங்க கார் நிக்குற எடத்துக்கும் உள்ள தூரம், அவ்வளவு கிட்ட. அப்படி வரணும்னா மரத்துமேல பரண்ல இருக்கிற ஆளு மேல ஒரு பொட்டு வாசம் இருக்கக்கூடாது. இருந்துச்சு, அது மூக்கத் தூக்கும், வாலத் தூக்கும், போயிரும். அதனால அக்டோபர் பொறந்துட்டா வீட்ல விரதம் மாதிரி. வாசமில்லாத சோப்பு. சட்ட துணிமணிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியில காஞ்ச எலையோட போட்டு மூடி வைப்பாக. சாம்பிராணி கூடாது, பத்தி கூடாது. எனக்குத் தேங்காண்ணெ வைக்காட்டி தலவலி வரும். அதனால நான் மேல, அவுக கீழ பேஸ்மென்ட்ல தனிப் படுக்கை. மூணு மாசம். இந்த வயசுல என்ன இருக்குன்னு நீ நெனைப்ப. ஒரு ஆளு பக்கத்துல மூச்சு விடுறது கேக்கணும்ல? இங்க வேற என்ன சத்தம் கேக்குது.

அடுத்தாப்ல கைய வச்சது என் அடுப்படியில. உள்ள தாளிக்கக் கூடாதுன்னுட்டாக. கடுகு, காயம், கருவப்பில, எதுவும். பெருங்காய வாசம் திரைச்சீலையில ஏறி, சட்டையில ஏறி, காட்டுக்குப் போயிருதாம். பின்வாசல்ல கூரை எறக்கி ஒரு கேஸ் அடுப்பு வச்சுக் குடுத்தாக. அந்தக் கதவுக்கு வெளிய, பாத்தியா, அதான். இங்க காத்து மேற்கருந்து அடிக்கும், தாளிச்ச வாசம் கெழக்க ரோட்டுப் பக்கம் போயிரும்னு ஒரு கணக்கு. குளுருக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கிட்டு வெளிய நின்னு ரசத்துக்குத் தாளிக்கேன் நானு. டேல் பொண்டாட்டி ஒரு தடவ பாத்துட்டு, உங்க மதத்துல இது ஒரு சடங்கான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

அங்கனதான் மூளி வந்துச்சு.

மூளின்னா, காது மூளி. கறிகாத் தோலு, கோசு எல, பூசணிக் குடலு எல்லாத்தையும் அடுப்புக்கு அந்தப் பக்கம் ஓரமாக் கொட்டுவேன், எருவுக்கு ஆகட்டும்னு. மொதல்ல ஒரு பொட்ட மான் குட்டியோட வந்துச்சு. குட்டிக்கு எடது காது நடுவுல கிழிஞ்சு ரெண்டாத் தொங்குச்சு. முள்ளு கிழிச்சதோ, நாய் கடிச்சதோ. ஏ மூளி, போன்னு கரண்டியக் காட்டுவேன். போகாது. எருமமாட்டு மேல மழ பேஞ்ச மாதிரி நிக்கும். அந்த வருசமே ஆத்தாக்காரிய இவுக அடிச்சிட்டாக. அதுவும் கணக்குதான். பொட்ட பெருகிட்டா காடு தாங்காது, பனிக்காலத்துல எல்லாம் பட்டினியாச் சாகும், அதனால வருசத்துக்கு ரெண்டு மூணு பொட்டையக் கழிச்சாகணும். நான் ஒண்ணும் அழல. அந்தக் கறியில உப்புக்கண்டம் போட்டேன். காரம் தாங்காம டேல் கண்ணுல தண்ணி வடிய வடியத் தின்னான். மறுநாள் மூளி மட்டும் தனியா வந்து நின்னுச்சு. ரெண்டு கோசு எல கூடப் போட்டேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல.

மான் மேல பிரியமெல்லாம் எனக்குக் கெடையாது தாயி. இங்க ஆளுக மானுக்குப் பேரு வச்சுக் கொஞ்சுதாக, எனக்கு அதெல்லாம் ஆகாது. அது வரும், நான் போடுவேன், திங்கும், போயிரும். அப்புறம் அப்புறம் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே அந்தப் புதருக்கு மேல தல தெரியும். எண்ண காயுறப்பவே வந்து நின்னுரும் சில நாளு. நானும் நின்னபடி ரெண்டு வார்த்த பேசுவேன். வேற யார்கிட்டப் பேச? வினோ இன்னைக்கு போன் பண்ணல, மூட்டு வலிக்கு, இப்படி ஏதாவது. நல்லாக் கேக்கும் அது. ஒத்தக் காதுதான் முழுசு, ஆனாலும் கேக்கும்.

இவுககிட்டச் சொல்லல. இந்தப் பக்கம் மானுக்குத் தீனி வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஒண்ணோட எச்சில ஒண்ணு தின்னு சீக்கு பரவுதாம். தெரிஞ்சா ஏசுவாக. அவுகளும் பின்பக்கம் வரமாட்டாக. காடு பூராம் மரத்துக்கு மரம் கேமரா கட்டி வச்சிருக்காக, மான் குறுக்க போனா போட்டோ போனுக்கு வந்துரும். இங்க பின்பக்கத்துக்கு மட்டும் கெடையாது. அங்கன என்ன வரப்போகுதும்பாக.

இந்த எடத்துக்கு வரும்போதே எனக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தாக. ஒரு நல்ல கெடா. அஞ்சு வயசு முடிஞ்சு, நெஞ்சு எறங்கி, கொம்பு நெறஞ்ச கெடா. என் கையால வளத்த காட்டுல ஒண்ணே ஒண்ணு அடிச்சிர்றேன், அன்னைக்கே வித்துட்டு வினோகிட்டப் போயிருவோம்னு. சாமி சத்தியமாச் சொன்னாக. சரி, ஒரு வருசம் ரெண்டு வருசம்னு நெனச்சேன். இந்தக் காட்டுக் கெடாயெல்லாம் சின்ன வயசுலயே எவன் கையிலயாவது செத்துப்போயிருதுக. வேலி தாண்டினா அடுத்தவன் நெலம். அங்க துப்பாக்கி.

ஒரு நாள் சோறு திங்கும்போது போன நீட்டினாக. "இதப் பாரு, மூணு வயசு. என்ன நெஞ்சு, என்ன கொம்பு. இது மட்டும் பொழச்சிருந்தா அதுதான் நம்ம கெடா"ன்னு. பாத்தா, எடது காது ரெண்டாக் கிழிஞ்சிருக்கு. நம்ம மூளி. பச்சமொளகாயக் கடிச்சிட்டேன்னு சொல்லி எந்திச்சுப் போனேன்.

அந்த வருசம் அது பரணுக்கு அடியிலயே வந்து நின்னுச்சாம். விட்டுட்டு வந்தாக. விட்டதுல மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். "இன்னும் ரெண்டு வருசம் வளரட்டும்." அடுத்த வருசமும் வந்துச்சாம். "நாலுதான் ஆகுது, இன்னும் ஒரு வருசம்." எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அடிச்சாப் போகலாம், அடிக்காட்டிப் போக முடியாது. வினோவுக்கு அப்பத்தான் பிள்ள பொறந்திருந்துச்சு. பேறுகாலத்துக்குப் போயிட்டு வந்தது, அதோட சரி. பேத்தி குப்புற விழுந்தது, தவழ்ந்தது எல்லாம் போன்லதான் பாத்தேன். நாலு வயசு மான விட்டுட்டு வந்து ஒரு மனுசன் சந்தோசமாச் சாப்பிடுறத எதுக்க உக்காந்து பாக்கணும். பாத்தேன்.

போன வருசம் அதுக்கு அஞ்சாச்சு. இவுக அக்டோபர் மொதத் தேதியில இருந்து பரணே கதி. மழ, குளுரு, ஒண்ணும் பாக்கல. ஆளு மெலிஞ்சு போனாக. மூளி மட்டும் அகப்படல. கேமராவுல ராத்திரி ஒண்ணு ரெண்டு தடவ வாலு தெரியும், பகல்ல காணல. எங்க போயிருச்சு, அடுத்த நெலத்துக்காரன் அடிச்சிட்டானான்னு டேல்கிட்டப் பொலம்புவாக. எப்படித் தெரியும் அங்க? இங்கனல்ல நின்னுச்சு. நான் சொல்லல. எப்படிச் சொல்ல? அஞ்சு வருசமாத் தீனி போட்டேன்னு இப்பச் சொன்னா ஏச மாட்டாகளா? அதுக்குத்தான் சொல்லல.

நவம்பர்ல ஒரு நாளு. மழ பிடிச்சிருச்சுன்னு இவுக சீக்கிரமே எறங்கி வந்திருக்காக, எனக்குத் தெரியாது. நான் பின்னாடி எண்ணச் சட்டிய வச்சுக்கிட்டு நிக்கேன். மூளி, இந்தா, இந்த மேசை தூரத்துல நின்னு பூசணித் தோலத் திங்கு. பக்கவாட்டா நிக்கு, முழு ஒடம்பும் தெரியுது. என்னமோ தோணித் திரும்பினேன். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால இவுக. கையில வில்லு. அம்பு மாட்டியிருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கண்ணு மானு மேல இருக்கு. அப்புறம் என் மேல வந்துச்சு.

சட்டி கை தவறிருச்சு தாயி. எண்ண காஞ்சிருந்துச்சு, பிடிதுணி நழுவிருச்சு, நான் என்ன செய்ய? இரும்புச் சட்டி, சிமிண்டுத் தரை. விழுந்த சத்தம் டேல் வீட்டுக்கே கேட்டிருக்கும். மூளி ஒரே தாவு, போயிருச்சு.

தொலைஞ்சோம்னு நெனச்சேன். முள்ளங்கிக்கே அந்தக் குதி குதிச்சவுக. இது வளத்த கெடா, அஞ்சு வருசம் காத்த கெடா. அவுக சட்டியப் பாத்தாக. பூசணித் தோலப் பாத்தாக. "கால்ல எண்ண பட்டுச்சா"ன்னாக. இல்லன்னேன். குனிஞ்சு துணிய எடுத்துத் தரையத் தொடச்சாக.

மறுநாள் காலையில எந்திச்சா தோள்பட்ட வலிங்காக. வில்ல இழுக்க முடியலையாம். சட்டியத் தூக்கி அடுப்புல வச்சப்பப் பிடிச்சிருக்கும்னாக. அதோட போச்சு. வில்லு கராஜ்ல ஆணியில தொங்குது. பாரு, எவ்வளவு பெரிய சோதன? வருசம் முழுக்க ஒழச்சு, கெடா கண்ணு முன்னால வந்து நிக்குற நேரத்துல தோளு போச்சு. டாக்டர்கிட்டப் போவோம்னா வரமாட்டாக. வயசான வலிக்கு டாக்டர் என்ன செய்வாருங்காக. நாந்தான் நல்லெண்ணெயக் காய்ச்சிக் கற்பூரம் போட்டுத் தேச்சு விடுறேன். இத்தன வருசமா எண்ண வாசம் ஆகாதுன்னவுக, வேட்டச் சீசன்லயே மேல வந்து உக்காந்து கண்ண மூடிக்கிட்டுத் தேக்கக் குடுக்காக. அவ்வளவு வலி. படுக்கையும் மேலேயே வந்துருச்சு. பேஸ்மென்ட் குளுரு தோளுக்கு ஆகாதாம். சில நாள் வலது தோளுங்காக, சில நாள் எடதுங்காக. வாயுவா இருக்கும், எடம் மாறும்ல? அந்த வலியோட வெறகு பொளக்காக, கெணத்துத் தண்ணிக்குப் போடுற உப்பு மூடைய ஒத்த ஆளாத் தூக்கி பேஸ்மென்ட்ல எறக்குதாக. சொன்னா கேட்டாத்தான. தோட்டத்துக்காரன் ஒருத்தன்கிட்ட மிஞ்சினதுன்னு இப்ப வண்டி வண்டியாப் பூசணி வேற கொண்டாந்து எறக்கினாக. ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தன பூசணின்னு ஏசினேன். பாதிக்கு மேல மூளிதான் தின்னுச்சு.

பிறவு ஒரு நாள் அவுகளாவே சொன்னாக. "வித்துருவோம். கெடா அடிச்சாத்தான் போகணும்னு இல்ல. உனக்குச் சொன்ன வாக்கு." உடனே வினோவுக்கு போன் போட்டேன். பிள்ள அந்தப் பக்கம் குதிக்கா.

ஆனா சாண் ஏறினா மொழம் சறுக்குற கததான். யார் போன் பண்ணினாலும் இவுக மொதக் கேள்வி, நீங்க வேட்டையாடுவீகளா? ஆமான்னா போன வச்சிருவாக. இது என்ன கிறுக்கு, நீயே சொல்லு. மானுக்குன்னே வளத்த காடு. வேட்டக்காரன் வாங்காம வேற எவன் வாங்குவான்? நல்ல நல்ல ஆளுகளா வந்தாக. எல்லாரையும் அனுப்பிட்டாக. என்னால அடிக்க முடியாதத இன்னொருத்தன் அடிக்கிறதான்னு வீம்பு. வேற என்ன இருக்கு? அப்பத்தான் உன் வீட்டுக்காரரு போன் பண்ணி, வேட்டையெல்லாம் தெரியாது, காய்கறி போடப்போறோம், அமைதியா இருக்கணும்னு சொன்னாரு. நம்ம தமிழ்ப் பிள்ளைக வேற. என் வயித்துல பால வார்த்த தாயி நீ.

டீ எடுத்துக்கோ. ஆறிரும்.

என்ன? ஏன் முழிக்க?

சொல்லு. சும்மா சொல்லு, என்கிட்ட என்ன?

திரும்பச் சொல்லு. கார் டிக்கியில என்ன இருக்கு?

யாரு வில்லு?

சரி. சரி, அழாத. டேல் சொல்லிக் குடுத்தானா, வேட்டன்னா ராஜ் தரமாட்டான், காய்கறின்னு சொல்லுன்னு. அவன் அப்படித்தான், உதவி செய்றேன்னு செய்வான். உன் வீட்டுக்காரரு ஆசப்படுறதுலயும் தப்பு இல்ல. ஆம்பளைக்கு ஒரு ஆச. எனக்குக் கோவமெல்லாம் இல்ல. எனக்கு என்ன, வித்தாப் போதும்னுதான சொன்னேன். நான் இவுககிட்டச் சொல்லமாட்டேன். நீங்க வாங்குங்க, நாங்க போறோம். யார் வாங்கினா என்ன?

நீ தாளிப்பியா?

இல்ல, கேக்கேன். பின்னாடி அடுப்பு இருக்கு, அத விட்டுட்டுத்தான் போவோம். நீயும் தாளிக்கத்தான செய்வ. நம்ம வீட்ல தாளிக்காம என்ன சமையல் இருக்கு. தாளிச்சா அது வரும். கரண்டியப் பிடிச்சிருக்கிறது நானா நீயான்னு அதுக்குத் தெரியாது. வாசத்த நம்பித்தான வருது. அஞ்சு வருசமா அந்த வாசத்துல ஒரு கெடுதல் பாக்கல அது. உன் வீட்டுக்காரரு காட்டுக்குள்ள போக வேண்டாம், பரண் ஏற வேண்டாம், குளுருல நனைய வேண்டாம். அந்தக் கதவுக்குப் பின்னால நின்னாப் போதும்.

நான்தான் பழக்கி வச்சேன். காட்டு மிருகத்த வீட்டு வாசல்ல நிக்கப் பழக்கி வச்சிருக்கேன்.

நீ அவர்கிட்டச் சொல்லாத, என்ன? சொல்லமாட்டேன்னுதான் சொல்லுவ. இன்னைக்குச் சொல்லமாட்ட. காட்டுல ஒரு மாசம் ஒண்ணும் அகப்படாம ஆளு மெலிஞ்சு வருவாரு. மொகம் வாடி உன் எதுக்க உக்காந்து சோறு தின்பாரு. அப்பச் சொல்லிருவ. பொண்டாட்டிக்கு மனசு கேக்காது. புருசன்கிட்ட எத மறைக்க முடியும்? நான் மறச்சேன், அது வேற. இவுகளுக்குச் சூது வாது தெரியாது. இவுககிட்ட எதையும் மறச்சிரலாம்.

வீடு பிடிச்சிருக்கா உனக்கு?

பிடிக்கத்தான் செய்யும். இந்த ஜன்னல் வெளிச்சத்துக்கே பிடிக்கும். ஆனா கேட்டுக்கோ, பனி விழுந்துட்டா ரோட்ட நாலு நாளைக்குத் தெறக்க மாட்டான். இரும்புத் தண்ணியில உன் முடி பூராம் கொட்டிரும். பழகிரும்னு சொன்னேன்ல, பழகாது. எனக்கு இன்னும் பழகல. பேச ஆளு இல்லாம உனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும், என்னப் பாத்தாலே தெரியல? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அதுக்காகச் சொல்லல. அது ஒரு காட்டு மிருகம், இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு எவன் கையிலயாவது சாகத்தான் போகுது. எனக்குத் தெரியாதா? நான் உனக்காகத்தான் சொல்றேன்.

வந்துட்டாக. பூட்ஸ் சத்தம் கேக்குது. கண்ணத் தொடச்சுக்கோ. நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் பாத்துக்கிடுறேன்.

வாங்க. சேத்தத் தட்டிட்டு வாங்க ரெண்டு பேரும். டீய சூடு பண்ணித் தாரேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. தம்பி, நீங்களும் கேளுங்க. இந்தப் பிள்ளைக்கு வீடு பிடிக்கலையாம். அடுப்படி இருட்டா இருக்காம், ஊரும் ரொம்ப ஒதுக்கமா இருக்காம். உங்ககிட்டச் சொல்லப் பயந்து அழுது பாவம். நானும் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பாத்தேன். மனசுக்குப் பிடிக்காத வீட்டக் கட்டாயப்படுத்தியா தலையில கட்ட முடியும்?

என்ன அப்படிப் பாக்கீக? நான் ஒண்ணும் சொல்லல. இன்னும் ஒரு வருசம் இங்கனயே கெடக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு, கெடந்துட்டுப் போறேன். வினோவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க. பேத்தி கேட்டா மட்டும் போன என்கிட்டக் குடுக்காதீங்க.